ஒரு யார் றிபன்

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் தலையைப் பார்த்தே அவள் சின்ன வகுப்பா பெரிய வகுப்பா என்று சொல்லிவிடலாம். சின்ன வகுப்புக்கு வெள்ளை றிபன், மேல் வகுப்புக்குக் கறுப்பு. இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது மட்டும் இந்தச் சட்டம் தளரும். மைதானம் முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம். எங்கள் இல்லம் நீலம். யாழ்ப்பாணக் கடைகளில் கரு நீலம், வான நீலம், மயில் நீலம் என்று பலதும் இருந்ததால் வந்த வில்லங்கம் கொஞ்சமல்ல. “நீலம் நீலந்தானே தங்கச்சி” என்பார் கடைக்காரர். எங்கள் இல்லத் தலைவியிடம் அந்தக் கதை எடுபடாது.

இரட்டைப் பின்னலை மடித்துக் காதோரம் பூப்போலக் கட்ட, ஒரு பக்கத்துக்கு ஒரு யார், அதாவது மூன்று அடி, றிபன் வேண்டும். சாற்றின் துணி றிபன் மினுங்கும், ஆனால் இரண்டாம் பாடத்துக்குள் வழுகிவிடும். நைலோன்தான் மணியடிக்கும்வரை நிற்கும். வெட்டிய முனையை அம்மா விளக்குச் சுவாலையில் ஒரு கணம் காட்டுவா. முனை உருகி இறுகியபின் நூல் பிரியாது. இரவில் றிபனைக் கழுவி, பிழியாமல், ஈரத்தோடே அலுமாரிக் கண்ணாடியில் நீட்டி ஒட்டுவோம். உள்ளே காற்று நிற்காமல் விரலால் இழுத்துவிட வேண்டும். காலையில் அயர்ன் பண்ணியதுபோல உரிந்து வரும். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் கண்ணாடி என்ன பாடுபட்டிருக்கும்! “முதல்ல உங்கட றிபனுகளை உரியுங்கோ, நான் சவரம் செய்யவேணும்” என்று அப்பா கத்துவார்.

அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் இருந்தது வேறு றிபன்: மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சிவப்பு. தவணைப் பரீட்சைத் தாள் அடிக்கும்போது மட்டும் அதற்கு ஓய்வு. றிபனை விலக்கிவிட்டு வெறும் எழுத்தால் மெழுகுத் தாளில் குத்தினால்தான் ஸ்டென்சில் வெட்டும். பிறகு ரோனியோ என்ற பிரதியெடுக்கும் இயந்திரத்தில் போட்டு மை உருட்டுவார்கள். அதனால், றிபனில் பதிந்ததை வாசித்துக் கேள்விகளைக் கண்டுபிடிக்கலாம் என்று சில கெட்டிக்காரிகள் போட்ட திட்டம் பலிக்கவில்லை.

புதுக் கட்டடத்துக்கு நாடா வெட்டுவது, ஆசிரியர் ஒருவர் இறந்தால் வெள்ளைச் சீருடையில் கறுப்புத் துண்டு குத்துவது, பரிசளிப்பு விழாவில் சுருட்டிக் கட்டிய சான்றிதழ் எல்லாவற்றிலும் றிபன் இருந்தது. கட்டு என்றால் கட்டினோம், குத்து என்றால் குத்தினோம்.

1991 மார்கழியில், ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், சுரங்க ரயிலில் கோட்டுப் போட்ட ஓர் ஆண் நெஞ்சில் வெள்ளை றிபன் குத்தியிருந்ததைக் கண்டேன். வெள்ளை றிபன் என்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் இருக்கவேண்டியது என்று வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் கேட்டபிறகு சிரிக்க முடியவில்லை. 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியல் பொலிரெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களை, அவர்கள் பெண்கள் என்பதற்காகவே, ஒருவன் சுட்டுக் கொன்றான். பெண்கள் மீதான வன்முறை பற்றி ஆண்கள் வாய் திறக்க வேண்டும் என்று 1991இல் ஜாக் லேய்ற்றனும் இன்னும் சிலரும் தொடங்கியதுதான் அந்த வெள்ளை றிபன். லேய்ற்றனைப் பின்னாளில் கனடாவின் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவராக நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். எயிட்ஸ் நோயாளிகளுக்கான சிவப்பு றிபனும் அதே ஆண்டில் நியூயோர்க் கலைஞர்களிடமிருந்து வந்தது.

மார்பகப் புற்றுநோய்க்கான இளஞ்சிவப்பு றிபனின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற மூதாட்டி பீச் பழ நிற றிபன்களைத் தன் வீட்டிலேயே செய்து, ஒரு அட்டையோடு ஊரெல்லாம் கொடுத்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பணத்தில் 5 வீதந்தான் நோய்த் தடுப்புக்குப் போகிறது என்று அட்டையில் இருந்தது. 1992இல் ஒரு பெண்கள் சஞ்சிகை அந்த றிபனைக் கேட்டது. வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். சட்டத்தரணிகளின் யோசனைப்படி சஞ்சிகைக்காரர் நிறத்தை மாற்றினார்கள், பீச் இளஞ்சிவப்பானது. அந்த மனுசி சரியாகத்தான் சொன்னார். இப்போது ஒக்ரோபர் வந்தால் தயிர்ப் பேணி மூடியிலும் அந்த றிபன் இருக்கிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அந்த நோய் வந்து மாறியது. அவள் றிபன் குத்துவதில்லை. “நேரத்தோட மமோகிராம் எடுத்ததாலதான் நான் இருக்கிறன். அதைச் சொல்லு” என்பாள். சரி, சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் 40 முதல் 74 வயது வரையான பெண்கள் குடும்ப வைத்தியரின் கடிதமில்லாமல் தாங்களே பதிந்து இந்த மார்பக எக்ஸ்ரே பரிசோதனையைச் செய்யலாம். 40களில் உள்ளவர்களுக்கு இந்த வசதி 2024 ஒக்ரோபரில்தான் வந்தது. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அவள் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி, “பதிஞ்சிட்டியோ?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த மலரை வாசிப்பவர்களிடமும் கேட்டுவிடச் சொன்னாள்.