டிஸ்க் பழசு, பெட்டி புதுசு

"பழைய டிஸ்க்கைப் புது மெஷின்ல மாட்டினா ரெய்டு போயிடாதா மச்சான்?" என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டார். போகாது. ரெய்டு என்பது பல டிஸ்க்கை ஒரே பெரிய டிஸ்க் போலச் சேர்த்துக் கட்டுவது, அப்படிக் கட்டிய கூட்டத்துக்கு அரே என்று பெயர். லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு, அதாவது எம்டிஏடிஎம் கட்டளையால் கட்டியது, மதர்போர்டை நம்பி இருப்பதே இல்லை. இன்று பரவலாக இருக்கும் 1.2 மெட்டாடேட்டாவில், ஒவ்வொரு டிஸ்க்கிலும் (பார்ட்டிஷன் போட்டிருந்தால் அந்தப் பார்ட்டிஷனில்) தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி சூப்பர்பிளாக் என்ற ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அரேயின் யூயூஐடி (தனி அடையாள எண்), இந்த டிஸ்க் அதில் எத்தனையாவது, சங்க் அளவு (டேட்டாவை எவ்வளவு பெரிய துண்டாக வெட்டிப் பரப்புகிறது என்பது), கடைசி ஈவென்ட் எண் (அரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) எல்லாம் அதில்தான். டிஸ்க் எந்த ஊருக்குப் போனாலும் ஜாதகம் அதோடவே போகும். லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர் எஸ்டிஏ என்று இருந்தது எஸ்டிசி ஆனாலும், சாட்டா போர்ட் மாறினாலும் கவலையில்லை.

பெங்களூரு அல்சூர் வீட்டில் இருந்த பழைய பெட்டியின் மதர்போர்டு தகராறு பண்ண ஆரம்பித்ததால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் போர்டு, பிராசசர், ராம், பவர் சப்ளை என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். அங்கே பாதிக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். கடைத் தம்பி பாசமாக, "அண்ணா, டிஸ்க்கையும் கொண்டு வாங்க, ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டே குடுத்துடறேன்" என்றார். வேண்டாம்பா சாமி என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் ஃபார்மேட் பண்ண ஆசைப்பட்டது நாலு 4 டிபி டிஸ்க்கில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போய்விடும்), அதாவது 12 டிபி இடம். குடும்ப போட்டோ மொத்தமும் அதில் கிடக்கிறது.

மென்பொருள் பக்கம் பயம் தேவையில்லை என்றேன், ஆனால் கேபிள் விஷயத்தில் பயப்படத்தான் வேண்டும். மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் சாட்டா பவர் கேபிள், டிஸ்க் பக்கம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான், ஆனால் பவர் சப்ளை பக்கம் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். பழைய பெட்டியில் அழகாக இழுத்துக் கட்டிய கேபிள் இருக்கிறதே, அதையே புது சப்ளையில் செருகிக்கலாம் என்று தோன்றும், சொருகினால் அச்சாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் அந்தக் கேபிளில் இருக்கும் டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் காலி. ரெய்டு 5 ஒரு டிஸ்க் சாவைத்தான் தாங்கும். அதனால் புது சப்ளையோடு வந்த கேபிள் மட்டும்.

அப்புறம் போர்டின் மேனுவல். எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துபோகிற போர்டுகள் நிறைய உண்டு. ஒரு டிஸ்க் தெரியவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று பதறுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பயாஸில் சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று இருக்கட்டும். அங்கேயே ரெய்டு என்று ஒன்று ஆசை காட்டும், அதை நான் தொடுவதே இல்லை.

டெபியன் லினக்ஸை என்விஎம்இயில் போடும்போது அரே டிஸ்க்குகளின் சாட்டா கேபிளைக் கழற்றியே வைத்திருந்தேன். இன்ஸ்டாலர் கண்ணில் படாத டிஸ்க்கை அது எப்படி அழிக்கும்? எல்லாம் முடிந்த பிறகு மாட்டி, முதலில் எம்டிஏடிஎம்மின் எக்ஸாமின் (சூப்பர்பிளாக்கைப் படித்துக் காட்டுவது) மட்டும். நாலிலும் ஒரே யூயூஐடி, ஒரே ஈவென்ட் எண் வந்தால் சரி. பிறகு அரேயைச் சேர்த்து எழுப்பும் அசெம்பிள் ஸ்கேன். பெரும்பாலும் அதற்குக்கூட வேலை இருக்காது, பூட் ஆகும்போதே அரே எழுந்து உட்கார்ந்திருக்கும். எதுவும் வரவில்லை என்றாலும் கிரியேட் கட்டளை பக்கம் மட்டும் போகக் கூடாது. அது புது அரே கட்டுவதற்கு. டிஸ்க் வரிசையோ ஆஃப்செட்டோ மாறிவிட்டால் உள்ளே இருப்பதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

அரேயின் பெயர் எம்டி0 என்று இருந்தது எம்டி127 என்று வந்தது. சூப்பர்பிளாக்கில் பழைய மெஷினின் பெயர் இருக்கிறது, புது மெஷினின் பெயர் வேறு, அதனால் வெளியூர்க்காரன் என்று நினைத்து 127 கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். டீட்டெய்ல் ஸ்கேன் தருகிற வரியில் டிவைஸ் பெயரை எம்டி0 என்று மாற்றி, எம்டிஏடிஎம் கான்ஃப் கோப்பில் சேர்த்து, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை அப்டேட் பண்ணி, ரீபூட் செய்தால் பழைய பெயர் வந்துவிடும். எதை எங்கே மவுண்ட் பண்ணுவது என்று எழுதும் எஃப்எஸ்டேப்பில் டிவைஸ் பெயர் எழுதாமல் ஃபைல்சிஸ்டம் யூயூஐடியை எழுதி, கூடவே நோஃபெயில் என்றும் போட்டுவிட்டால், என்றைக்காவது அரே வராவிட்டாலும் மெஷின் பூட் ஆகும்.

முதல் மவுண்ட் ரீட் ஒன்லியாக. நாலைந்து போட்டோவைத் திறந்து பார்த்த பிறகுதான் எழுத விட்டேன். ராத்திரி யூபிஎஸ்ஸில் மாட்டி முழு அரேக்கும் ஒரு செக் ஓடவிட்டேன், இந்த ஊரில் மழை இரண்டு தூறல் போட்டாலே கரண்ட் போய்விடும். காலையில் அரேயின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் நாலு யூ (நாலு டிஸ்க்கும் நலம்) வரிசையாக நின்றது, மிஸ்மேட்ச் கவுண்ட் (பொருந்தாத இடங்களின் எண்ணிக்கை) 0. மச்சானுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், "அப்போ என் பெட்டியையும் மாத்திக் குடுங்க" என்று பதில் வந்திருக்கிறது.