நேற்றைய அதிகாரங்களை விட்டுவிட்டேன்

வேதாகமத்தை ஒரே ஆண்டில் வாசித்து முடித்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடு நான் தொடங்கிய ஜனவரிகள் ஐந்து. அவற்றில் நான்கு, மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுபோயின. அந்தப் புத்தகத்தின் மீது பழிபோட எனக்கு மனமில்லை. கணக்கே அப்படித்தான் அமைகிறது. 66 புத்தகங்களிலும் சேர்த்து 1189 அதிகாரங்கள் உள்ளன. வாரநாட்களில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்துமாக வாசித்தால் ஆண்டு முடிவதற்குள் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எட்டிவிடலாம். அந்த வேகத்தில் ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் ஜனவரியிலேயே தீர்ந்துவிடுவதால், புத்தாண்டுத் தீர்மானத்தின் சூடு ஆறத் தொடங்கும் அதே வாரத்தில் பலிகளைப் பற்றிய விதிமுறைகள் தொடங்கிவிடுகின்றன.

ஆனால் என்னை நிறுத்தியது பலி விதிகள் அல்ல, நிலுவை. காய்ச்சலாலோ வேலைப்பளுவாலோ நான்கு நாட்கள் தவறிவிட்டால், ஐந்தாம் நாள் வேதத்தைத் திறக்கும்போது பதினைந்து அதிகாரங்கள் காத்திருக்கும். அவற்றை அடைக்க முயன்ற ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. குஷ்டரோகத்தைப் பற்றிய லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தின் 59 வசனங்களையும், கடன் தவணை கட்டுகிறவனைப் போல, ஒரு கண்ணைக் கடிகாரத்தின் மேல் வைத்துக்கொண்டே வாசித்து முடித்து, அட்டவணையில் ஒரு குறி இட்டேன். அடுத்த நிமிடம் யாராவது என்ன வாசித்தாய் என்று கேட்டிருந்தால், ஆசாரியன் எதையோ பார்ப்பான் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டேன். ஜெபிக்காமலே படுத்துவிட்டேன்.

பிறகு தெரிந்துகொண்ட ஒரு செய்தி எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்றுவரை பலர் பின்பற்றுகிற ஓர் ஆண்டு வாசிப்பு அட்டவணையை 1842-இல் தன் சபையாருக்காக உருவாக்கியவர், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செய்ன். நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரங்கள். ஓராண்டில் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை, பழைய ஏற்பாட்டின் மற்றப் பகுதிகள் ஒரு முறை. அந்த அட்டவணையைக் கையில் கொடுக்கும்போதே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதிக் கொடுத்தார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமற்ற வாசிப்பு வரலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம். நான்கிலும் நான் அகப்பட்டிருந்தேன்.

எனவே ஐந்தாம் ஆண்டில் ஒரே ஒரு விதியை மாற்றினேன். தவறிய நாளின் அதிகாரங்களை அந்த நாளோடு விட்டுவிடுவது. இன்றைய தேதிக்கு உரியதை மட்டும் இன்று வாசிப்பது. தேதி நகர்ந்துகொண்டேயிருக்கும், விட்டுப்போனவை அடுத்த சுற்றில் தாமாக வரும். இது சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் சலுகை என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டார். நான் அவருக்கு யாத்திராகமம் 16-ஐக் காட்டினேன். வனாந்தரத்தில் தங்களுக்கு உணவாகக் கிடைத்த மன்னாவை இஸ்ரவேலர் விடியற்காலந்தோறும் சேர்த்தார்கள். வெயில் ஏறஏற அது உருகிப்போயிற்று. மறுநாளுக்கென்று மீதிவைத்ததில், ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் சேர்த்ததைத் தவிர, பூச்சி பிடித்தது. நேற்று சேர்க்காமல் விட்டதை இன்று சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் அந்த விதியோடுதான் ஓராண்டைக் கடந்திருக்கிறேன்.

நேரமே இல்லை என்பதையும் நான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்கு முதலாம் அதிகாரத்தைத் தொடர்ச்சியாக வாசித்தபோது அந்தச் சாக்கு சற்று ஆட்டங்கண்டது. முந்தின நாள் சூரியன் அஸ்தமித்தபின் பட்டணம் முழுவதும் இயேசு இருந்த வீட்டு வாசலில் கூடி நின்றது. மறுநாள் அதிகாலையில் இருட்டோடே எழுந்து அவர் வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் ஜெபித்தார். சீஷரான சீமோன் பின்தொடர்ந்து வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். ஓய்வான ஒரு நாளில் அல்ல, எல்லாரும் தேடிக்கொண்டிருந்த நாளில்தான் அந்தத் தனிமை நடந்திருக்கிறது.

என்னைத் தேடிக்கொண்டிருந்ததோ கைப்பேசி. விழிப்பு மணியை அணைக்க அதை எடுப்பேன். மணியை அணைத்த விரல் அப்படியே செய்திகளுக்குள் நழுவும். இருபது நிமிடம் கழித்து முழங்காற்படியிடும்போது மனதில் ஊர்க்கதை முழுவதும் நிரம்பியிருக்கும். இதற்கு ஆவிக்குரிய தீர்வு எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் வாங்கினேன், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று ஜெபத்தைப் பற்றி இயேசு கொடுத்த கட்டளையில், பூட்டப்பட வேண்டிய கதவு இப்போது உள்ளங்கையளவுதான் இருக்கிறது.

முதலில் ஜெபமா, வாசிப்பா என்பதிலும் எனக்குக் குழப்பம் இருந்தது. அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், பல ஆண்டுகள் எழுந்தவுடன் ஜெபத்தில் தொடங்கி, மனம் ஒருமுகப்படுவதற்கே பலமுறை கால்மணி, அரைமணி நேரத்தைச் செலவிட்டதாகவும், 1841 வாக்கில் வேதத்தைத் தியானிப்பதை முதலில் வைத்த பிறகு ஜெபம் இயல்பாகவே அதிலிருந்து பிறந்ததாகவும் எழுதியிருக்கிறார். எனக்கும் அந்த வரிசையே உதவுகிறது. தாழ்ந்த குரலில், உதடு அசைய வாசிக்கிறேன். எந்த வசனத்தில் குரல் தானாக நிற்கிறதோ அங்கிருந்து ஜெபம் தொடங்குகிறது. அருகில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் இருக்கும். இடையில் கட்ட வேண்டிய மின்கட்டணம் நினைவுக்கு வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் ஒரு சொல்லில் குறித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். சில நாட்களில் அந்தத் தாள் நிறைந்துவிடுகிறது.

இரவுப்பணி செய்கிறவர்களும் கைக்குழந்தையை வைத்திருப்பவர்களும் அதிகாலையை நினைத்துக் குற்றவுணர்வு கொள்வதை நான் ஏற்கவில்லை. ஈசாக்கு தியானிக்க வெளியே போனது சாயங்காலத்தில். தானியேல் முழங்காற்படியிட்டது தினம் மூன்று வேளை. ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை பிறந்த நாளில் அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை, "தான் முன் செய்துவந்தபடியே" செய்தார் என்கிறது வேதம். எந்த வேளை என்பதைவிட அந்தச் சொற்றொடரே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த வாரம் எண்ணாகமம் 7-க்கு வந்திருக்கிறேன். 89 வசனங்கள். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள், நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள்: நூற்றுமுப்பது சேக்கல் எடையுள்ள வெள்ளித்தாலம், எழுபது சேக்கல் வெள்ளிக்கலம், பத்துச் சேக்கல் பொன் தூபகரண்டி. பன்னிரண்டு பேரும் கொண்டுவருவது ஒன்றே. ஆயினும் 'அவ்வாறே' என்று ஒரு சொல்லில் முடிக்காமல் ஒவ்வொருவருடைய காணிக்கையும் பெயரோடு முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் முதல் தலைவரான நகசோனை வாசித்துவிட்டுக் கடைசியில் வரும் அகீராவுக்குத் தாவிவிடுவேன். நேற்றும் நான் வழக்கமாக ஜெபிக்கும் அதே பெயர்களுக்காக, அதே சொற்களில், கொட்டாவியோடு ஜெபித்துவிட்டு இன்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்தபோது தாவ மனம் வரவில்லை. ஏழாம் நாள், எப்பிராயீம் கோத்திரத்து எலிஷாமா வரை வந்தபோது கடிகாரம் அடித்தது. அந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.