உள்ளூராட்சிப் பாடத்தை வீட்டு விலாசத்திலிருந்து தொடங்குங்கள்

இணையவழிப் பட்டப்படிப்பில் மாகாண, உள்ளூராட்சி முறைமையைப் பாடமாக எடுப்பவர்களில் பெரும்பாலானோர் 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் தொடங்கி, மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தை வரலாற்றுப் பாடம் போல மனனம் செய்கிறார்கள். இடைத்தேர்வில் "உங்கள் தெருவின் வடிகாலுக்கு எந்தச் சட்டத்தின் கீழ் யார் பொறுப்பு?" என்ற கேள்வி வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். வரலாறு தேவைதான். ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் அதிகாரப் பங்கீட்டில் இருக்கிறது. அதைப் படிக்கச் சுருக்கமான வழி உங்கள் வீட்டு விலாசம்.

ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: சேவை, பொறுப்பான நிறுவனம், சட்டம். வெள்ளவத்தையில் இருப்பவருக்குக் குப்பை, உள் ஒழுங்கைகள், தீயணைப்பு எல்லாம் கொழும்பு மாநகர சபை. சட்டம் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச்சட்டம். வீட்டு வாசலில் ஓடும் காலி வீதியோ ஏ2 தேசிய நெடுஞ்சாலை. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, அதாவது மத்திய அரசு. குழாய்த் தண்ணீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, அதுவும் மத்திதான். பிள்ளை தேசியப் பாடசாலையில் படித்தால் கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலையில் படித்தால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களம். அதே காலி வீதியில் தெற்கே கொஞ்சம் போனால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. கொலன்னாவைப் பக்கம் போனால் நகர சபை, அதையும் தாண்டினால் கொட்டிகாவத்தை–முல்லேரியா பிரதேச சபை. மூன்று வகைச் சபைகளும் ஒரே மாவட்டத்தில் கிடைப்பது கொழும்பில் படிப்பவர்களுக்குள்ள வசதி. நகர சபைக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும் பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தும். மாநகர சபையில் நிர்வாகத் தலைவர் ஆணையாளர், மற்ற இரண்டிலும் செயலாளர். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் புள்ளி போகும்.

அதிகம் புள்ளி போகும் இடம் இன்னொன்று: பிரதேச சபையும் பிரதேச செயலகமும். சபை மக்கள் தெரிவுசெய்வது. செயலகம் மத்திய அரசின் அலுவலகம். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்றது. கிராம உத்தியோகத்தர் செயலகத்தின் ஆள், சபையின் ஆள் அல்ல. கொழும்பு நகருக்குள் பிரதேச சபையே கிடையாது. ஆனால் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று பிரதேச செயலகங்கள் உண்டு. இதை ஒருமுறை மனதில் பதித்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

அடுத்து, எந்த அதிகாரம் மாகாணத்துக்கு, எது மத்திக்கு, எது இரண்டுக்கும் பொது என்று பிரிக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை. மாகாண நிரல், ஒதுக்கப்பட்ட நிரல், ஒருங்கிய நிரல் மூன்றையும் முழுதாகப் பாடமாக்கத் தேவையில்லை. மாகாண நிரலின் 4ஆம் விடயத்தை மட்டும் சொல் சொல்லாக வாசியுங்கள். உள்ளூராட்சி மாகாணத்துக்கு உரியது என்று தொடங்கும். ஆனால் சபைகளின் அமைப்பும் கட்டமைப்பும் சட்டத்தால் தீர்மானிக்கப்படும் என்று விலக்கு வைக்கும். அதாவது சபை எப்படி இருக்க வேண்டும் என்பது பாராளுமன்றத்தின் கையில். மேற்பார்வை, கலைக்கும் அதிகாரம் உட்பட, மாகாணத்தின் கையில். மாகாணம் உள்ளூராட்சிச் சபைக்கு மேலதிக அதிகாரம் கொடுக்கலாம், இருப்பதைப் பறிக்க முடியாது. கட்டுரைக் கேள்விகளில் பாதி இந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடும். காணி, பொலிஸ் பற்றி எழுதும்போது அந்த அட்டவணையின் பின்னிணைப்பைப் பார்க்காமல் நிரலை மட்டும் பார்த்து "மாகாணத்துக்கு உண்டு" என்று எழுதிவிடாதீர்கள். அரச காணி மத்தியின் கையிலேயே இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் சொன்னது அந்த வாசிப்பை மாற்றிவிட்டது.

சட்டப் பிரதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையவழி மாணவருக்கு நூலகர் பக்கத்தில் இல்லை. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்திலும் பாராளுமன்றத் தளத்திலும் சட்டங்கள் மூன்று மொழியிலும் கிடைக்கின்றன. ஆனால் மூலச்சட்டத்தைத் தரவிறக்கினால் அதில் திருத்தங்கள் இருக்காது. 1987 பிரதேச சபைச் சட்டத்தை மட்டும் வாசித்துவிட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதி செலவிட முடியாது என்று 33ஆம் பிரிவை மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பிரிவு 2018இல் ஒரு திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டாயிற்று. மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு நல்ல ஒப்படைத் தலைப்பு இது: திருத்தத்துக்கு முன், பின் என்று ஒரு தோட்டத்தின் பாதையை எடுத்துக்கொண்டு எழுதலாம். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ்ப் பிரதிகள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும். 'தவிசாளர்' என்று தேடினால் ஒன்றும் வராது, வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். பிரதி பழுதில்லை, அதன் எழுத்துக் குறியீடுதான் வேறு. தேட வேண்டிய சொல்லை யுனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றும் கருவியில் போட்டு, வரும் குப்பையையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், பெரும்பாலும் அகப்படும். மேற்கோள் எடுக்கும்போது எதிர்த்திசையில் மாற்றிவிட்டு ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். ஸ்கேன் செய்த பிரதியானால் இந்த வழியும் செல்லாது; பிரிவு இலக்கத்தைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போவதுதான் வழி. தமிழ் வாசகத்தில் ஐயம் வந்தால் சிங்கள வாசகத்தையும் பாருங்கள். முரண்பாடு இருந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று சட்டங்களின் கடைசிப் பிரிவிலேயே எழுதியிருக்கும்.

தேர்தல் முறைக்கு வந்தால் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்காமல் விளங்காது. கலப்பு முறையில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரப் பட்டியல். 20 பேர் கொண்ட ஒரு கற்பனைச் சபையை எடுப்போம்: 12 வட்டாரம், 8 பட்டியல், செல்லுபடியான வாக்குகள் 20,000. முதலில் 20,000ஐ 20ஆல் வகுங்கள், 1,000 வரும். 'அ' கட்சி 9,200 வாக்கு, 10 வட்டாரம். 'ஆ' 6,300 வாக்கு, 2 வட்டாரம். 'இ' 4,500 வாக்கு, வட்டாரம் எதுவுமில்லை. வாக்கை 1,000ஆல் வகுத்தால் 9, 6, 4, கூட்டினால் 19. மிஞ்சும் ஓர் ஆசனம் மிச்ச வாக்கு கூடிய 'இ'க்குப் போகும், ஆக 5. இப்போது வட்டார வெற்றிகளைக் கழியுங்கள். 'ஆ' பட்டியலிலிருந்து 4 பேரையும் 'இ' 5 பேரையும் பெறும். 'அ'வுக்கு உரித்து 9, வென்றதோ 10. வென்ற ஆசனத்தைப் பறிக்க முடியாது, அதனால் சபை 21 ஆகிறது. மாணவர்கள் தவறும் இடம் இதுதான்: கூடிய ஆசனத்தை மற்றக் கட்சிகளின் பட்டியலிலிருந்து குறைத்து, மொத்தத்தை 20இலேயே நிறுத்திவிடுவார்கள்.

இதே கணக்கைக் கொழும்பு மாநகர சபையில் நிஜமாகப் பார்க்கலாம். 66 வட்டார உறுப்பினரும் 44 பட்டியல் உறுப்பினருமாக 110 இருக்க வேண்டிய சபை, 2018இல் 119, 2025இல் 117. 2025 மே 6 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பெற்றது ஏறத்தாழ 37 வீத வாக்கு. உரித்து 41 அளவில் வரும், கிடைத்தது 48. ஏழு கூடியது, சபையும் ஏழால் பெருத்தது. ஆனாலும் 117இல் 48 பெரும்பான்மை அல்ல. பாதிக்கு மேல் கிடைத்த கட்சி மேயரின் பெயரைத் தானே அறிவித்துவிடலாம். கிடைக்காவிட்டால் சபையில் வாக்கெடுப்பு. கொழும்பில் அந்த ஜூனில் நடந்தது வாக்கெடுப்புத்தான். கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

கைமாறி வரும் வாட்ஸ்அப் குறிப்புகளை நம்பி எண்ணிக்கை எழுதாதீர்கள். 24 மாநகர சபை, 41 நகர சபை, 276 பிரதேச சபை, ஆக 341 என்பது 2018 காலத்துக் கணக்கு. அதன் பிறகு சில சபைகள் தரம் மாறின. 2025 மே மாதம் தேர்தல் நடந்தது 339 சபைகளுக்கு. எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டைப் போட்டால் திருத்துபவர் குறை சொல்ல முடியாது. மாகாண சபைகளைப் பற்றிப் பழைய குறிப்பில் நிகழ்காலத்தில் எழுதியிருப்பதும் அப்படித்தான். 2014க்குப் பிறகு எந்த மாகாணத்திலும் தேர்தல் நடக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த எல்லை நிர்ணயத்தில் விடயம் சிக்கியது. 2019 முதல் ஆளுநர்களே நடத்துகிறார்கள். இதிலிருந்து ஒரு கூர்மையான கேள்வி பிறக்கும்: மாகாண நிரலில் உள்ள விடயம் பற்றிய சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளின் கருத்துக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது 154ஜி உறுப்புரை. சபையே இல்லாதபோது யாரைக் கேட்பது? 2012இல் திவிநெகும என்ற வாழ்வாதாரத் திட்டத்துக்கான சட்டமூலம் வந்தபோது வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கவில்லை. அந்தச் சட்டமூலம் பற்றிய உயர் நீதிமன்றத் தீர்மானங்களை அந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

வருமானப் பகுதியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். வீட்டிலிருக்கும் ஆதன வரிச் சீட்டை எடுத்தாலே பாதி பாடம் அதில் இருக்கும்: ஆண்டுப் பெறுமதி, வீதம், காலாண்டுத் தொகை. முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு, காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாக வருவதால் சபைகளுக்குத் தாமதமாகவே வந்து சேரும்.

ஒப்படைக்கு அலுவலகத் தரவு வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். "குப்பைப் பிரச்சினை பற்றிய விபரம்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இந்த வட்டாரத்தில் இந்த ஆண்டில் கழிவகற்றலுக்குச் செலவான தொகை" என்று ஆவணத்தில் இருக்கக்கூடியதைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று முடிவெடுக்கவே 14 வேலை நாட்கள் உண்டு. அதன் பிறகு தகவல் கைக்கு வரவும் நாள் பிடிக்கும். ஒப்படைக்கு ஆறு வாரம் இருந்தால் முதல் வாரத்திலேயே கடிதம் போக வேண்டும்.

சமர்ப்பிக்கும் கோப்பை யுனிகோடில் தட்டச்சு செய்து பீடிஎஃப் ஆக ஏற்றுங்கள். பாமினியில் எழுதிய வேர்ட் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திருத்துபவருக்கு வாசிக்கவே முடியாது. சட்டப் பிரிவுகளை நீளமாக அப்படியே ஒட்டினால் நகலெடுத்ததா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் வீதம் ஏறும்; தேவையான சொற்றொடரை மட்டும் மேற்கோளில் வைத்து, பிரிவு இலக்கத்தையும் திருத்தச் சட்டத்தின் ஆண்டையும் பக்கத்தில் எழுதுங்கள்.