நிறங்களை எண்ணிப் படித்த ஆய்வுகூடம்

2002 ஆம் ஆண்டில் போரினால் மூடப்பட்டிருந்த, யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி திறக்கப்பட்டதன் பின்னர், அதுவரை கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்குப் போனால் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த இலத்திரனியற் பொருள்கள் சிறிது சிறிதாக யாழ்ப்பாணத்துக்கும் வரத் தொடங்கின. உயர்தர வகுப்பில் இருவாயியையும் திரான்சிற்றரையும் தர்க்கப் படலைகளையும் நாம் படித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், கல்லூரியின் விஞ்ஞானக் கண்காட்சிக்கென எமது பௌதிகவியல் ஆசிரியர் (நாம் 'சேர்' என்றே அழைப்போம்) தமது சொந்தப் பணத்தில் இரண்டு பொருள்களை வாங்கிவந்தார். ஒன்று, பதினெட்டு ஊசிகளைக் கொண்ட பிக் 16எஃப்84ஏ என்னும் நுண்கட்டுப்படுத்தி, அதாவது நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு கணினிச் சிப்பு. மற்றையது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் ஒரே மூடிக்குள் அடக்கிய, நான்கு கால்களுள்ள எல்.ஈ.டி. இவ்விரண்டையும் கொண்டு, தானாகவே நிறம் மாறும் ஒளி ஒன்றை உண்டாக்குவது எமது குழுவுக்கு இடப்பட்ட பணி.

சிவப்பு எல்.ஈ.டி 1962 இலேயே உருவாகிவிட்டது. ஆனால் போதிய பிரகாசமுள்ள நீல எல்.ஈ.டி, 1993 இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சுஜி நக்கமுராவின் உழைப்பால் வெளிவந்த பின்னரே மூன்று நிறங்களையும் ஒன்றுசேர்ப்பது இயலுமாயிற்று. இதனைச் சேர் எமக்கு விளக்கியபோது, நீலம் எரியும் காலில் 5 வோல்ற்றுக்கு ஏன் வேறு தடை போடவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ற்று போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3.2 வோல்ற்று அளவில் தேவை. ஆகவே முன்னதற்கு 330 ஓம், பின்னவற்றுக்கு 180 ஓம் எனத் தெரிந்தெடுத்தால் மூன்றிலும் 10 மில்லி அம்பியருக்குக் கிட்டிய ஓட்டம் பாயும். அகசாக்கி, அமானோ ஆகியோருடன் நக்கமுராவுக்கு 2014 இல் நோபல் பரிசு கிடைத்த செய்தியை நான் ரொறன்ரோவில் இருந்து வாசித்தபோது, அந்த ஓமின் விதிக் கணக்குத்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

தடைகளைப் பொருத்துவது ஒரு பிற்பகல் வேலை. நிரலே எமது நாள்களை எடுத்துக்கொண்டது. அந்தச் சிப்பின் ஊசி ஒன்றால் எரியவோ அணையவோ மட்டுமே செய்ய முடியும். அரைகுறையாக எரிவது அதற்குத் தெரியாது. ஆகையால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரித்து அணைத்து, எரியும் நேரத்தின் பங்கைக் கூட்டியும் குறைத்தும் பிரகாசத்தை மாற்ற வேண்டும். பிற்காலச் சிப்புகளில் இதற்கெனவே உள்ள வன்பொருள் 16எஃப்84ஏயில் இல்லாதபடியால், எல்லாவற்றையும் நாமே எண்ண வேண்டியிருந்தது. கல்லூரியில் இருந்த கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். மின்சாரமும் நினைத்த நேரத்தில் நின்றுபோகும். "முதல்ல தாளில ஓட்டிப் பாருங்கோ தம்பியவை, பிறகு கணினிக்குப் போவம்" என்பார் சேர். எமது நிரல் முழுவதும் சதுரக்கோட்டுக் கொப்பியில்தான் உருவானது.

அந்தக் கணக்கு இன்றும் எனக்கு மனப்பாடம். வேகத்தை நிர்ணயிக்கும் 4 மெகா ஹேர்ட்ஸ் பளிங்குடன் சிப்பின் சாதாரண அறிவுறுத்தல் ஒன்றுக்கு ஒரு மைக்குரோ செக்கனும், தாவும் அறிவுறுத்தலுக்கு இரண்டும் செல்லும். ஒளி சிமிட்டுவது தெரியாதிருக்க, செக்கனுக்கு 100 தடவை எனக் கொண்டோம். ஒவ்வொரு தடவைக்குமுரிய 10 மில்லி செக்கனை 64 படிகளாகப் பிரித்தால், ஒரு படிக்கு 156 மைக்குரோ செக்கன் கிடைக்கிறது. அதற்குள் இடைமறிப்பு (ஓடும் வேலையை நிறுத்திவைத்து இந்த வேலைக்குத் தாவச் சொல்லும் அழைப்பு) எழுந்து, பதிவகங்களில் இருந்த எண்களைப் பாதுகாத்து, மூன்று நிறங்களின் அளவையும் படியின் எண்ணுடன் ஒப்பிட்டு, விடைகளை ஒன்றாகத் திரட்டி ஒரே அறிவுறுத்தலில் வெளியே எழுதிவிட வேண்டும். இடைமறிப்பை எழுப்பும் டைமரில் புதிய எண்ணை எழுதிய பின் இரண்டு அறிவுறுத்தல் சுற்றுகளுக்கு அது நகராது எனச் சிப்பின் தரவுத்தாளில் எங்கோ ஒரு மூலையில் இருந்த வரியைக்கூடச் சேர் விட்டுவிடவில்லை. அந்த இரண்டையும் எமது கூட்டலில் சேர்த்த பின்னரே கொப்பியில் கையொப்பமிட்டார். 1024 சொற்கள் கொள்ளும் நிரல் நினைவகமும் 68 பைட் தரவு நினைவகமும் எமக்கு ஒருபோதும் குறைவாகத் தோன்றவில்லை.

அளவுகளைச் சீராக ஏற்றியபோது ஒளி சீராக ஏறவில்லை என்பது அடுத்த பாடம். முதற் படிகளில் பிரகாசம் பாய்ந்து எழும்பியது. மேற்படிகளில் மாற்றமே தெரியவில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது இரட்டிப்பாவது. அறுபதிலிருந்து அறுபத்தொன்றுக்குப் போவதைக் கண் பொருட்படுத்தாது. கண் உணரும் விகிதத்துக்கு ஏற்ற அளவுகளை அட்டவணையாக நிரலுக்குள் எழுதி, அதிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது சிவப்பு மஞ்சளாகவும், மஞ்சள் பச்சையாகவும் இடறலின்றி நகர்ந்தன. மேசைப்பந்து ஒன்றில் துளையிட்டு எல்.ஈ.டியை அதனுள் செருகியதும் மூன்று புள்ளிகளும் கரைந்து ஒரே நிறமாயின.

எனினும் எல்லாவற்றிலும் மேலாக நான் மதிப்பது சேர் செய்துகாட்டிய ஒரு சோதனையை. துடிப்புகளைப் பார்க்க எம்மிடம் அலைவுகாட்டி இல்லை. அவர் ஆய்வுகூடத்தின் யன்னல்களைச் சாத்தச் சொல்லி, செம்மஞ்சள் நிறத்தில் நிறுத்திவைத்த எல்.ஈ.டியைப் பந்திலிருந்து கழற்றி, பலகையைக் கையில் பிடித்து வேகமாக வீசினார். செக்கனுக்கு மூன்று மீற்றர் வேகத்தில் கை அசைந்தால் 10 மில்லி செக்கனில் மூன்று சென்ரிமீற்றர் நகரும். அதனால் தொடர்ந்து எரிவதாகத் தெரிந்த ஒளி, இருட்டில் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு கோடும் மஞ்சளாகத் தொடங்கிச் சிவப்பாக முடிந்தது. பச்சையும் சிவப்பும் ஒன்றாக எரியத் தொடங்குகின்றன, பச்சை முந்தி அணைகிறது, சிவப்பு எஞ்சுகிறது. கொப்பியில் நாம் எழுதிய ஒப்பீடுகள் அப்படியே காற்றில் நின்றன. கண்காட்சிக்கு வந்தவர்கள் பந்தின் நிறமாற்றத்தை விரும்பிப் பார்த்தார்கள். எமக்கோ அந்தக் கோடுகளே பெரும் பேறு.

இன்று ஆடுயினோ என்னும் ஆயத்த நுண்கட்டுப்படுத்திப் பலகையில் 0 முதல் 255 வரையான ஓர் எண்ணைக் கொடுத்தால், எஞ்சியதை வன்பொருள் பார்த்துக்கொள்கிறது. டபிள்யூஎஸ்2812 வகை எல்.ஈ.டிக்குள் சிப்பே அடங்கியிருக்கிறது. 24 பிற்றுகளை அனுப்பினாற் போதும். மாணவர்கள் விரைவாக முன்னேற இவை உதவுகின்றன, இவற்றை நான் வரவேற்கிறேன். ஆயினும் கல்லூரி ஆய்வுகூடத்துக்கென எமது பழைய மாணவர் சங்கம் திரட்டும் நிதியில் ஆயத்தப் பலகைகளை மட்டும் வாங்கி அனுப்பாமல், நான்கு கால் எல்.ஈ.டிகள், தடைகள், வெறும் சிப்புகள், அச்சிட்ட தரவுத்தாள்கள் ஆகியவற்றுடன், எமக்குக் கிடைக்காத அலைவுகாட்டி ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான என் பங்கை இப்பொழுதே தரத் தயாராக இருக்கிறேன்.