ஒத்த ஓட்டை பாட்டில்

எண்ணெய்க்கடையில 15 கிலோ டின் உடைக்கிறத பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா? மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் பழைய கடைங்கள்ல இன்னும் பாக்கலாம். ஒரு மூலையில ஆணிய வச்சு ஒரு தட்டு, அதுக்கு நேர் எதிர் மூலையில இன்னொரு தட்டு. முதல் ஓட்டை எண்ணெய் வர்றதுக்கு, ரெண்டாவது காத்து உள்ள போறதுக்கு. அந்த ரெண்டாவது ஓட்டைய போடாம சாய்ச்சா களக் களக்குனு விட்டு விட்டு கொட்டும், பாதி எண்ணெய் கிண்ணத்துக்கு வெளியதான். போட்டுட்டு சாய்ச்சா நூல் புடிச்ச மாதிரி இறங்கும். கெண்டியிலயும் இதே கணக்குதான், ஊத்த ஒரு வாய், மேல ஒரு வாய், மேல் வாய் வழியா காத்து போறதாலதான் மூக்கு வழியா தண்ணி திக்காம வருது.

இப்ப நம்ம வீட்டுல சிங்க் மேலயும் பாத்ரூம்லயும் நிக்கிற பிதுக்குற பாட்டில எடுத்துக்குங்க. இதுக்கு ஒத்த ஓட்டைதான். அமுக்குறப்போ சரக்கு அது வழியா வெளிய வரணும், கைய விட்டதும் பாட்டில் பழைய ஷேப்புக்கு வர்றதுக்கு அதே ஓட்டை வழியா காத்து உள்ள போகணும். விளம்பரத்துல எல்லாம் அமுக்குறதத்தான் காட்டுவாங்க, ஆனா என்னைக் கேட்டா அமுக்குறதுல டிசைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, விடுறதுலதான் எல்லாமே இருக்கு. நல்ல பாட்டிலா மட்டமான பாட்டிலான்னு கைய விட்ட அடுத்த ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சிடும்.

பழைய காலத்து பேஸ்ட் டியூப் ஞாபகம் இருக்கா, உலோக டியூப், அடியில இருந்து சுருட்டிக்கிட்டே வருவோமே, அது அமுக்குனா அமுங்குன இடத்துலயே கிடக்கும், திரும்பி வராது, அதனால காத்து உள்ள போற பேச்சே இல்ல. அந்த டியூப் பல்லுக்காக வந்ததே இல்ல, ஓவியருக்காக வந்தது. ஜான் காஃப் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர், 1841ல தகர டியூப்புக்கு பேட்டன்ட் வாங்குனாரு, பெயின்ட் காஞ்சு போகாம இருக்கணும்னு. இப்ப வர்ற பிளாஸ்டிக் டியூப்ப சுருட்டுனா விரிஞ்சுக்கும், விரியிறப்போ காத்த இழுத்துக்கும், அதான் அடுத்த தடவ பேஸ்ட்டுக்கு முன்னாடி 'புஸ்'ஸுனு ஒரு சத்தம். முன்னேற்றம்னு சொன்னாங்க, எனக்கு பழசுதான் புடிச்சிருந்தது.

திரும்பி வர்ற பாட்டில் வந்தது பாலிஎத்திலீன்ங்கிற பிளாஸ்டிக் வந்த பிறகு. 1933ல இங்கிலாந்துல ஐசிஐ கம்பெனி லேப்ல வேற ஏதோ பண்ணப் போயி கிடைச்ச பொருள் அது. 1947ல ஸ்டாப்பெட்னு ஒரு வியர்வை நாத்தத்துக்கு அடிக்கிற டியோடரன்ட், ஜூல்ஸ் மான்டனியே கொண்டு வந்தது, அமுக்குனா பீச்சுற பிளாஸ்டிக் பாட்டில்ல வித்தாங்க, அதுக்கு அப்புறம்தான் இந்த மாதிரி பாட்டில் அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு வந்தது. உங்க பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும் பாருங்க. 4னா எல்டிபிஇ, அடர்த்தி கம்மியான பாலிஎத்திலீன், மெத்துனு இருக்கும், அமுக்குனா அமுங்கி உடனே எழுந்துக்கும். 2னா எச்டிபிஇ, அடர்த்தி கூடுன பாலிஎத்திலீன், கொஞ்சம் முரடு. 1னா பெட், தண்ணி பாட்டில் ரகம், அமுக்குனா நொறுநொறுன்னு சத்தம் போட்டுட்டு பள்ளம் விழுந்த இடத்துலயே நிக்கும், அத வெளிய தள்ள இன்னொரு கை வேணும். பாத்திரம் தேய்க்கிறப்போ இன்னொரு கை எங்க இருக்கு சொல்லுங்க. பளபளன்னு தெரியுதுன்னு பிதுக்குற சரக்கையும் மெல்லிசு பெட்ல போட்டு விக்கிறவங்கள எனக்கு சுத்தமா புடிக்காது.

எங்க அத்தை பாத்திரம் தேய்க்கிற ஜெல்ல வாங்குன அன்னைக்கே பாதிய பழைய பாட்டில்ல ஊத்தி தண்ணி கலந்துடுவாங்க. டெல்டாவுல பல வீட்டுல இதான் வழக்கம். அந்த மூடியில இருக்குற ஓட்டை கெட்டி ஜெல்லுக்குன்னு போட்ட அளவு, தண்ணியா இருக்குறது அமுக்காமலே ஒழுகும். "அத்தை, கெட்டியா இருந்தாத்தான் இந்த மூடி சரியா வேலை செய்யும்"னு சொன்னேன். "கெட்டியா இருந்தா காசும் கெட்டியா போவுதுடா, நீ போயி டம்ளர எடுத்துட்டு வா"ன்னாங்க. அதுக்கு மேல என்ன பேசுறது. இதுக்கு எதிர்பக்கம் சில பேரு ஓட்டை பத்தலன்னு ஊசிய அடுப்புல காட்டி சூடா குத்தி பெருசாக்குவாங்க. குழாய் மாதிரி நீளமா போற மூக்குல விட்டத்த ரெண்டு மடங்காக்குனா அதே அழுத்தத்துக்கு வர்ற அளவு ரெண்டு மடங்கு இல்ல, 16 மடங்கு, ஏன்னா ஆரத்தோட நாலாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி ஏறும். கெட்டி சாஸு ஜெல்லு எல்லாம் இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்காது, ஆனாலும் ஒரு குத்து எக்ஸ்ட்ரா குத்துனா மாசத்துக்கு வாங்குனது வாரத்துல தீர்றது இதனாலதான்.

சாஸ் பாட்டிலுக்கு வருவோம். தக்காளி சாஸ் சும்மா இருக்குறப்போ அசையாது, ஒரு அளவுக்கு மேல அழுத்தம் கொடுத்தா திடீர்னு இளகி ஓடும். கண்ணாடி பாட்டில் காலத்துல அடியில தட்டித் தட்டி, வராது வராது, வந்தா மொத்தமா தோசை மேல. 1983ல ஹெய்ன்ஸ்ங்கிற அமெரிக்க சாஸ் கம்பெனி பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வந்தாங்க, 2002ல தலைகீழா நிக்கிற பாட்டில். அந்த தலைகீழ் பாட்டிலோட உயிரே மூடிக்குள்ள இருக்குற ஒரு சின்ன சிலிகோன் வால்வ்தான். மிச்சிகன்ல அச்சு வார்க்கிற பட்டறை வச்சிருந்த பால் பிரவுன்ங்கிறவரு 1991ல முதல்ல ஷாம்பு பாட்டிலுக்காக பண்ணது. ஒரு பழைய சாஸ் மூடிய கழட்டி பின்னாடி பாருங்க. விரல் நுனி அளவுக்கு மெல்லிசா, குழிவா ஒரு தோல், நடுவுல கூட்டல் குறி மாதிரி கீறல். அமுக்குனா நாலு இதழும் வெளிப்பக்கம் விரியும், விட்டதும் டக்குனு மூடிக்கிட்டு நுனியில தொங்குற சொட்டையும் வெட்டிடும், அப்புறம் இதழ் உள்பக்கம் லேசா மடங்கி காத்த விட்டுட்டு திரும்ப மூடிக்கும். எண்ணெய் டின்னுக்கு ரெண்டு ஓட்டை செஞ்ச வேலைய இது ஒத்த ஓட்டையில முறை வச்சு செய்யுது. நான் பாத்ததுல இதுக்கு மேல ஒரு டிசைன் இந்த ஏரியாவுல இல்ல.

தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ் கடையில இந்த வால்வ் எல்லாம் கிடையாது. கூம்பு மூக்கு வச்ச மலிவு பாட்டில், சிவப்புல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, மிளகாய் விதை அடைக்கக்கூடாதுன்னு மூக்க பிளேடால சரிச்சு வெட்டியிருப்பாங்க. ஒரு கையில கடாய தூக்கிப் போட்டுக்கிட்டே இன்னொரு கையில ஒரு பிதுக்கு, சரியா வேணுங்குற அளவு விழும், அது பாட்டில் பண்ற வேலை இல்ல, கை பண்ற வேலை. ஆனா அவருக்கும் பாட்டில் தீரப் போற நேரத்துல தெறிக்கும். உள்ள சரக்கு குறைஞ்சு காத்து அதிகமாயிடுது, அமுக்குனா முதல்ல அந்தக் காத்துதான் சுருங்கி அழுத்தத்த சேத்து வச்சுக்குது, சாஸ் நகர ஆரம்பிச்சதும் தடை குறைஞ்சுக்கிட்டே வந்து மொத்தமா 'புர்'ருனு வெடிச்சு சட்டையில. 2022ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கேலம் கட்டில், கிறிஸ் மேக்மின்னு ரெண்டு பேர் இதையே உக்காந்து ஆராய்ச்சி பண்ணாங்க, சிரிக்காதீங்க, மெதுவா அமுக்குங்க, மூக்க பெருசாக்குங்கன்னு முடிவு சொன்னாங்க. பிளேடு வச்சிருக்குற நம்ம வண்டிக்காரருக்கு ரெண்டாவது யோசனை ஏற்கனவே தெரியும்.

அடியில ஒட்டிக்கிட்டு வராத மிச்சத்துக்கும் வழி கண்டுபுடிச்சிருக்காங்க. ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுட்டு அமெரிக்காவுல எம்ஐடியில வாத்தியாரா இருக்குற கிருபா வாரணாசியும் அவரோட மாணவர் டேவ் ஸ்மித்தும் லிக்விகிளைட்னு ஒரு பூச்சு பண்ணாங்க, பாட்டிலுக்குள்ள பூசிட்டா சாஸ் ஒட்டாம வழுக்கிக்கிட்டு வந்துடும், 2012ல அந்த வீடியோவ எல்லாரும் பாத்தாங்க. நம்ம கடையில நான் இன்னும் பாக்கல, நம்ம ஆளுங்க தண்ணி ஊத்தி குலுக்கிடுறாங்க.

தேங்காய் எண்ணெய் மட்டும் எந்த வால்வுக்கும் அடங்காது. 24, 25 டிகிரிக்கு கீழ உறையிற சரக்கு, மார்கழி காலையில டெல்டாவுல பாட்டில அமுக்கினா கல்ல அமுக்குற கதைதான். அதுக்கு வாய் அகலமான டப்பாதான் சரி, விரல விட்டு தோண்டிக்கலாம். தேங்காய் எண்ணெய் பாட்டில் ஏன் உருண்டையா இருக்குன்னு பாராசூட்டோட ஹர்ஷ் மாரிவாலா சொன்ன கதை ஒண்ணு இருக்கு, தகர டின்ல இருந்து பிளாஸ்டிக்குக்கு மாறலாம்னா கடைக்காரங்க வேணாம்னுட்டாங்களாம், முன்னாடி யாரோ சதுர பாட்டில்ல வித்து எலி கடிச்சு ஒழுகியிருக்கு, அதனால எலிக்கு பல்லு புடி கிடைக்காத மாதிரி உருண்டையா பண்ணி, எலிக் கூண்டுக்குள்ளயே பாட்டில வச்சு சோதிச்சு காட்டுனாங்களாம். எலிய ஜெயிச்சாங்க, மார்கழிய ஜெயிக்கல.

கடைசியா ஒண்ணு கேக்கணும், அந்த கூட்டல் குறி கீறல் போட்ட வால்வ் மூடி தனியா எங்கயாவது விக்கிறாங்களா? தஞ்சாவூர் கீழவாசல் பிளாஸ்டிக் கடைங்கள்ல தேடிட்டேன், கிடைக்கல, தெரிஞ்சா கமென்ட்ல சொல்லுங்க. பழைய சாஸ் மூடிய கழுவி தேன் பாட்டில்ல மாட்டலாம்னா மரை சேர மாட்டேங்குது.