பிளாட்பாரத்தில் ஆளே இல்லையாம்

நடப்பவர்களைக் கணக்கெடுப்பது பார்க்க எளிய வேலைதான். தரையில் பத்து மீட்டர் தள்ளித் தள்ளி சாக்பீஸால் இரண்டு கோடு, எதிர் மாடியில் ஒரு கேமரா. ஒருவர் முதல் கோட்டிலிருந்து அடுத்ததற்கு எட்டு விநாடியில் போனால், அவர் வேகம் விநாடிக்கு 1.25 மீட்டர். நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணி, நடைபாதையின், அதாவது பிளாட்பாரத்தின், அகலத்தால் வகுத்தால் நடையோட்டம் வந்துவிடும். மதுரை மாசி வீதிகள் பக்கம் இந்த வேலை பார்த்தபோது, எனக்கும் அலுவலகத்துக்கும் தகராறு வந்தது அந்த அகலத்தில்தான்.

தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி. வரைபடத்தில் அது இருக்கும். நேரில் போனால் கடைப்படி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், பைக் நிற்கும், மின்பெட்டி ஒன்று குறுக்கே இருக்கும். போதாததற்கு, சுவரை உரசிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. ஒரு முழம் தானாகவே விலகித்தான் போவோம். இதெல்லாம் கழித்தால் மிஞ்சுவதில் இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாது. டேப்பைப் பிடித்தாலே பூக்கார அக்கா, "என்னண்ணே அளக்குறீக, கடையை எடுக்கச் சொல்லப் போறீகளா?" என்பார். உண்மையில் அவர் கூடை அடைத்த இடத்தைவிட பைக்குகள் அடைத்த இடம்தான் அதிகம்.

வேகத்தைத் தனியாக வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் வண்டி கிடையாது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குப் பலூன் வாங்கிக்கொண்டு, சாவகாசமாகப் போவார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, துணிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கமும் ஸ்டாப்வாட்ச் அதே மந்தமான வேகத்தைக் காட்டலாம். முன்னது விருப்பம், பின்னது நெரிசல். சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அப்புறம், துணி எடுக்க வரும் குடும்பம் கைகோத்து வரிசையாக நடக்கும். அதன் வேகம் என்பது அப்பத்தாவின் வேகம்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியர்களையும் ஜெர்மானியர்களையும் ஒரே மாதிரிப் பாதையில் நடக்கவிட்டு ஒப்பிட்டது. கூட்டம் கூடக்கூட இந்தியர்களின் வேகம் ஜெர்மானியர்களின் வேகம் அளவுக்குக் குறையவில்லை. விளக்குத்தூணில் வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நெருக்கம் பழகிவிட்டது என்பதற்காக இடத்தைக் குறைக்கலாம் என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும்.

பெரிய சிக்கல் வேறு. அலுவலகம் கொடுத்த படிவத்தில் பிளாட்பாரத்தில் நடப்பவர்களுக்கு மட்டும்தான் கட்டம். எண்ணிக்கை சொற்பமாக வந்தது. "பாருங்க தம்பி, யாருமே பயன்படுத்துறதில்ல, இதுக்கு எதுக்கு அகலம்?" என்றார் மேலதிகாரி. சார், எல்லாரும் கீழே இறங்கி ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அது வாகனக் கணக்கிலும் வராது, நடைக் கணக்கிலும் வராது. அன்றிலிருந்து சாலையில் இறங்கி நடப்பவர்களுக்கென்று படிவத்தின் ஓரத்தில் பேனாவால் தனிக் கட்டம் போட்டு எண்ணினேன். பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டம்தான் முதலில் நிரம்பியது. அறிக்கையில் அதைப் பின்னிணைப்பாகத்தான் சேர்த்தார்கள். சரி, அதுவாவது சேர்ந்ததே.