கரை ஒதுங்கிய உடலும் என் குற்றவியல் படிப்பும்

கடலுக்குப் போன என் மாமா மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கினார். அப்போது நான் பத்தாம் வகுப்பு. "அறுத்துப் போடவா பிள்ளையப் பெத்தேன்" என்று பாட்டி கதறியதால், போலீசுக்குச் சொல்லாமலே குளிப்பாட்டிப் புதைத்துவிட்டோம். அப்புறம் மீனவர் விபத்து நிவாரணத்துக்கு அத்தை மனுப் போட்டபோது, முதல் தகவல் அறிக்கையும் பிரேத பரிசோதனைச் சான்றும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. அத்தை இன்றுவரை கருவாடு விற்றுத்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்.

வழக்காகவே ஆகாத அந்தச் சாவுதான் என்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பியது. பி.எஸ்சி. விலங்கியல் முடித்ததும், 2023-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. குற்றவியல் சேர்ந்தேன். எங்கள் ஊர்ப் பக்கமான மண்டபத்திலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாக பஸ். "போலீஸ் வேலைக்கா படிக்கிற?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். எஸ்.ஐ. ஆக வேண்டுமென்றால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். இந்தப் படிப்பில் குற்றம் ஏன் நடக்கிறது, புலனாய்வு எப்படி நடக்கிறது, சிறை, பாதிக்கப்பட்டவர் நிலை எல்லாம் வரும். சேர நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

முதல் வருஷம் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தே போனது. 2024 ஜூலை 1 அன்று பழைய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக, அதே வரிசையில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் மூன்றும் நடைமுறைக்கு வந்தன. கொலைக்கு 302 என்றிருந்தது 103 ஆனது. நடைமுறைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை 154-இலிருந்து 173-க்குப் போனது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டையும் படித்தாக வேண்டும். சுவரில் இரண்டு பத்தியாக எழுதி ஒட்டிவைத்துப் படித்தேன். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

நடைமுறைச் சட்டத்தில் பழைய 174, புதிய 194. இந்தப் பிரிவைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. விபத்துச் சாவோ சந்தேகமான சாவோ என்றால் போலீஸ் வந்து, அந்தப் பகுதியில் வசிக்கும் குறைந்தது இரண்டு பேர் முன்னால் உடலைப் பார்த்து, காயங்களையும் சாவுக்கான காரணமாகத் தெரிவதையும் எழுத வேண்டும். புதிய சட்டப்படி அந்த அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். மாமாவுக்கு இது நடந்திருந்தால் அத்தையிடம் ஒரு தாளாவது இருந்திருக்கும். உடலே கிடைக்காத குடும்பங்கள் எங்கள் கரையில் உண்டு. அவர்களுக்கு ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளும் சட்ட அனுமானம்.

தடயவியல் தாளில் எனக்கு ரொம்பப் பிடித்தது டயட்டம் சோதனை. டயட்டம் என்பது தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி, சிலிக்கா ஓடு உடையது. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை இழுக்கும்போது அது நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகலாம். இறந்தபின் தண்ணீரில் போட்டால் ரத்த ஓட்டம் இல்லாததால் அவ்வளவு தூரம் போவது அரிது. மஜ்ஜையில் கிடைத்ததை மூழ்கிய இடத்துத் தண்ணீரோடு ஒப்பிட வேண்டும். "எந்த இடத்துத் தண்ணீரை எடுப்பாய்?" என்று பேராசிரியர் கேட்டார். எங்களுக்குப் பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல் என்று இரண்டு கடல். வாடைக் காற்றில் ஓரிடத்தில் விழுந்தது வேறிடத்தில் ஒதுங்கும். உடல் கிடைத்த இடத்திலும் வள்ளம் கிடைத்த இடத்திலும் தனித்தனியாக எடுப்பேன் என்றேன். அப்பாவிடம் கேட்டு வளர்ந்த காற்றும் நீரோட்டமும் அன்றைக்குப் பாடத்துக்குள் வந்தன.

களப்பயிற்சி எங்கள் பக்கத்துக் கடலோரக் காவல் நிலையம் ஒன்றில். கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி தடை. ஒருநாள் பறிமுதல் செய்த மூட்டைகளை எடை போட்டு, செல்போனில் வீடியோ எடுத்து, சாட்சிகள் முன் மகஜர், அதாவது பறிமுதல் விவரப் பத்திரம், எழுதினார்கள். சோதனையையும் பறிமுதலையும் இப்படி வீடியோவில் பதிவு செய்யச் சொல்வது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105. எந்த மூட்டை எங்கே கிடந்தது என்பதை எழுதாமல் நகர்த்தக் கூடாது என்று ரைட்டர் அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நான் எழுதிய முதல் மாதிரி மகஜரை மூன்று முறை திருத்தினார். தேர்வுகளைவிட அந்த மூன்று திருத்தங்களில் நிறையக் கற்றேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து ஊருக்கு வந்த சில மாதத்தில், விடியற்காலை ஒரு பையன் ஓடிவந்தான். வெளியூர் ஆள் ஒருவரின் உடல் கரையில் கிடக்கிறது என்றான். சுற்றி நின்றவர்கள் மேலே இழுத்துப்போடப் போனார்கள். அலை வந்து தொடாத இடத்தில்தான் கிடக்கிறது, சட்டையைக்கூடக் கழற்றாதீர்கள் என்று கெஞ்சி, கடலோரக் காவல் உதவி எண் 1093-க்குப் போன் போட்டேன். போலீஸ் வந்து அறிக்கை எழுதி முடித்ததும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். கோர்ட்டுக்கு இழுப்பார்களோ என்று பலர் பின்வாங்கினார்கள். முதல் கையெழுத்தை அப்பா போட்டார். இரண்டாவதாக அத்தை முன்னால் வந்து பேனாவை வாங்கினார்.